ஜெராக்ஸ் கடைக்கு லினக்ஸ் சரிப்படுமா?

கேள்வி: ஐயா, தண்டையார்பேட்டையில் பல வருஷமாக ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். இரண்டு கம்ப்யூட்டர், இரண்டிலும் விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். குரோம் இனி அப்டேட் ஆகாது என்று வந்துகொண்டே இருக்கிறது, சில தளங்கள் திறப்பதே இல்லை. சர்வீஸுக்கு வந்தவர் இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கச் சொல்கிறார். அக்கா மகன் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இன்னொரு இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன் என்கிறான். எனக்கு மின்ட் என்றால் வள்ளலார் நகர் பஸ் நிலையம்தான் தெரியும். அதில் தமிழ் டைப் அடிக்க முடியுமா? என் எச்பி லேசர்ஜெட் 1020 ஓடுமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: எடைக்குப் போடாதீர்கள் அம்மா, அவை இன்னும் சில வருஷம் உழைக்கும். வயசானது விண்டோஸ் 7-க்குத்தான். சாதாரணப் பயனாளிகளுக்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது, குரோமும் 2023 தொடக்கத்தில் 109-ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. உங்கள் கடையில் நாள் முழுக்க யார் யாரோ பென் டிரைவ் செருகுகிறார்கள், ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கும் அந்த வைரஸை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒருவர் ஆதார் நகல் எடுக்கக் கொண்டுவந்த பென் டிரைவில் இருந்த வைரஸ் அடுத்தவர் வீடு வரை போய்ச் சேரும். அந்த மாதிரி வைரஸ் விண்டோஸுக்காக எழுதியது, லினக்ஸில் வெறும் கோப்பாகக் கிடக்கும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ என்ற பதிப்பைப் போடச் சொல்லுங்கள், 2 ஜிபி ரேமிலேயே ஓடும், 4 ஜிபி என்றால் தாராளம். பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால் ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டிவிடுங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும். வாட்ஸ்அப் வெப், பிடிஎஃப், அரசுத் தளங்கள் எல்லாம் பிரவுசரில் நடப்பவைதான்.

தமிழ் விஷயத்தில்தான் பொறுமை வேண்டும். டைப் அடிப்பது கஷ்டமில்லை, ஐபஸ் எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை, ஒலியியல் முறை எல்லாம் கிடைக்கும், கை பழகியதை வைத்துக்கொள்ளலாம். சிக்கல் உங்கள் பழைய கோப்புகளில் இருக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தீர்களென்றால் கோப்புக்குள் உண்மையில் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான், அதைத் தமிழாகக் காட்டுவது அந்த எழுத்துரு. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்தாகத் தெரியும். நான் முதன்முதலில் மாறியபோது எழுத்துருக்களை எடுத்து வைக்காமல் டிஸ்க்கை அழித்துவிட்டேன், அப்பா அடித்து வைத்திருந்த கடிதங்களைப் படிக்க அதே எழுத்துருவைத் தேடி மூன்று நாள் அலைந்தேன். அதனால் முதல் வேலையாக விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். அதே எழுத்துருக்களை மின்ட்டிலும் நிறுவலாம், மின்ட்டில் எம்எஸ் ஆபிஸுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபிஸில் பழைய கடிதங்கள் தமிழாகவே திறக்கும். புதிதாக அடிப்பதை மட்டும் இனி, தனி எழுத்துரு தேடாமல் தமிழாகவே தெரியும் யூனிகோடில் அடியுங்கள்.

பத்திரிகை வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் செய்த கோப்புகள் இருந்தால், அவை மின்ட்டில் சரியாகத் திறக்கும் என்று நம்பி முழுக்க மாறாதீர்கள். லிப்ரே ஆபிஸ் டிரா அவற்றைத் திறக்கப் பார்க்கும், ஆனால் வரி, கட்டம் எல்லாம் இடம் மாறிப் போகலாம். ஒரு கம்ப்யூட்டரை மின்ட்டுக்கு மாற்றுங்கள். மற்றதை விண்டோஸ் 7-லேயே விட்டு, நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, பேஜ்மேக்கருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளர் பென் டிரைவ் அதன் பக்கமே போகக் கூடாது.

உங்கள் 1020 ஓடும். அந்த பிரின்டரை ஒவ்வொரு முறை போடும்போதும் அது இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருளைக் கம்ப்யூட்டர்தான் அனுப்ப வேண்டும், அதற்கு எச்பி-யின் பிளகின் என்ற துணை மென்பொருள் ஒன்று தேவை. கட்டளை அடிக்கும் டெர்மினல் என்ற திரையில் எச்பி-செட்டப் என்ற கட்டளை கொடுத்தால் அதுவே இறக்கிக்கொள்ளும், அந்த நேரத்தில் நெட் இருக்க வேண்டும்.

எதையும் அழிப்பதற்கு முன்னால் 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை ஏற்றி அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். திரையில் இருக்கும் இன்ஸ்டால் ஐகானைத் தொடாதவரை டிஸ்க்கில் ஒன்றும் மாறாது. கூட்டம் இல்லாத ஒரு மதியம் உட்கார்ந்து பிரின்ட், ஸ்கேன், தமிழ் மூன்றையும் நீங்களே உங்கள் கையால் செய்து பாருங்கள். அக்கா மகன் செய்து காட்டினால் போதாது, கடையில் உட்காரப் போவது நீங்கள்.

கேள்வி: மகளின் லேப்டாப் 7-ஆம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 10. விண்டோஸ் 11 ஏறமாட்டேன் என்கிறது. கல்லூரியில் விண்டோஸ் மென்பொருளும் கேட்கிறார்கள். இரண்டையும் வைக்கலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: வைக்கலாம். விண்டோஸ் 11, இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும், அதனால்தான் மறுக்கிறது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது, பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை வரும். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு 60 ஜிபி ஒதுக்கி மின்ட்டை அதன் பக்கத்தில் நிறுவுங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் சீக்கிரம் திறப்பதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மகள் மின்ட்டிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறக்கும்போது படிக்க மட்டும் விடும், எதையும் சேமிக்க விடாது.