வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: படம் பார்க்கவும் வீட்டுப்பாடமா?

கேள்வி: மார்வெல் நிறுவனத்தின் சாகச நாயகர் படம் பார்க்க என் பேரன் என்னை அழைக்கிறான். ஆனால் முன்னர் வந்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டு வந்தால்தான் கதை புரியும் என்றும் சொல்கிறான். இது நியாயமா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: பேரன் சொல்வது உண்மைதான், நியாயமா என்பது வேறு விஷயம். 2008இல் 'அயர்ன் மேன்' வந்தபோது, ஆயுத வியாபாரி ஒருவன் குகையில் அகப்பட்டு, கிடைத்த இரும்பைக் கொண்டு கவசம் செய்து தப்பிக்கும் கதையைப் புரிந்துகொள்ள யாருக்கும் எந்த முன்னறிவும் தேவைப்படவில்லை. 2019இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' அந்த வரிசையில் 22ஆவது படம் என்றாலும், பதினோரு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர்களுக்கு அது சுமையாகத் தோன்றவில்லை. சுமை ஏறியது 2021இல், தொலைக்காட்சித் தொடர்களும் அதே கதையில் சேர்ந்த பிறகுதான். 'வாண்டாவிஷன்' தொடரைப் பார்க்காமல் மறு ஆண்டு 'டாக்டர் ஸ்டிரேஞ்ச்' இரண்டாம் படத்துக்குப் போனவர்களுக்கு, அதுவரை நல்லவர்கள் பக்கம் நின்ற வாண்டா, இல்லாத பிள்ளைகளுக்காக ஏன் கொலைவெறியோடு அலைகிறாள் என்பது விளங்கவில்லை. நான் பார்த்த காட்சியில், பக்கத்து இருக்கையிலிருந்த இளம்பெண் தன் தாயாருக்கு இடைவிடாமல் காதோடு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்; அந்த விளக்கம் எனக்கும் பயன்பட்டது என்பதை மறைப்பதற்கில்லை. காசு கொடுத்து உள்ளே வந்தவருக்குத் தன் கதையைத் தானே சொல்லத் தெரியாத படம், எத்தனை கோடியில் எடுத்தாலும் அரைகுறைப் படம்தான். தாங்கள் 'பிளாக் பேந்தர்' (2018) படத்தை வீட்டிலேயே போடச் சொல்லிப் பாருங்கள். அதற்கு வீட்டுப்பாடம் எதுவும் தேவையில்லை.

கேள்வி: 'ஸ்டார் வார்ஸ்' படங்களைப் பிள்ளைகளுக்கு அத்தியாய எண் வரிசையில் காட்டுவதா, வெளிவந்த வரிசையில் காட்டுவதா? வீட்டில் இதனால் சண்டையே வந்துவிட்டது. (வாசகி, புக்கிட் மெர்தாஜாம்)

பதில்: வெளிவந்த வரிசைதான் சரி. 1977இல் முதல் படம் வந்தபோது அதற்கு எண்ணே கிடையாது. 'நான்காம் அத்தியாயம்' என்ற தலைப்பு 1981இல் மறுவெளியீட்டின்போதுதான் சேர்க்கப்பட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிடப்பட்ட படங்கள் 1999க்கும் 2005க்கும் இடையில் வந்தவை. எண் வரிசைப்படி பார்க்கும் பிள்ளை, கறுப்புக் கவசம் அணிந்த டார்த் வேடர் யார் என்பதை மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துகொண்டுவிடும். அதன் பிறகு 1980இல் வந்த படத்தில், கை வெட்டுண்டு தொங்கும் நாயகன் லூக்கிடம் வேடர் "நான்தான் உன் தந்தை" என்னும்போது அந்தப் பிள்ளைக்கு அதிர்ச்சி எங்கிருந்து வரும்?

அந்தக் காட்சியை நான் சிறுவனாக இருந்தபோது, ஜார்ஜ்டவுனில் அத்தை வீட்டு வீடியோவில் பார்த்தேன். பாட்டிக்கு ஆங்கிலமும் தெரியாது, அடியில் ஓடிய மலாய் வரிகளும் தெரியாது. நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்க, பாட்டி வெற்றிலையை மடித்தபடியே, "பப்புருவாகனன் கதைதானேடா, அங்கேயும் அப்பனும் மகனும்தானே அடிச்சுக்கிட்டாங்க" என்றார். அறிவியல் புனைவு என்று நாம் பெருமையாகச் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப் புராணத்துக்கு விண்கலம் பூட்டியதுதான் என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். தங்கள் வீட்டில் எண் வரிசைக்காக வாதாடுபவர் அனேகமாக 1999க்குப் பிறகு பள்ளிக்குப் போனவராக இருப்பார். பத்து வயதில் பார்த்த படத்தை யாரும் விட்டுக்கொடுப்பதில்லை, நான் உட்பட.

கேள்வி: ரசிகர்கள் கேட்டதற்காகப் படநிறுவனங்கள் கதையையே மாற்றுகின்றனவே, சரியா? (வாசகர், ஜெலுத்தோங்)

பதில்: எதை மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்திலிருந்து இயக்குநர் ஸாக் ஸ்னைடர் பாதியில் விலக, வேறொருவர் கையில் அது முடிக்கப்பட்டது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2021இல் ஸ்னைடரின் வடிவம் வெளிவந்தது, நான்கு மணி நேர நீளத்தில். நீளம் என் முதுகுக்கு ஒத்துவரவில்லை என்றாலும், தொடங்கியவர் நினைத்தபடி ஒரு படத்தை முடிக்கவிடு என்று கேட்பது நியாயமான கோரிக்கை.

மறுபுறம், 2017இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படம், நாயகி ரேயின் பெற்றோர் ஊர் பேர் தெரியாத ஏழைகள் என்றது. வீரம் வம்சத்தால் வருவதில்லை என்ற அந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் அந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் இரண்டுபட்டுச் சண்டையிட்ட பிறகு, 2019இல் வந்த அடுத்த படம் அவளைப் பேரரசன் பால்பட்டீனின் பேத்தியாக்கிவிட்டது. அதே 2017 படத்தில் நடித்த கெல்லி மேரி டிரானை இணையத்தில் இழிவுபடுத்தி எழுதினார்கள். அவர் தம் சமூக ஊடகப் பதிவுகளை நீக்கிவிட்டு, 2018 ஆகஸ்டில் அதைப் பற்றி நாளிதழில் கட்டுரை எழுதினார். அடுத்த படத்தில் அவருடைய பாத்திரம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டது. படம் பிடிக்கவில்லை என்றால் கதையைத் திட்டலாம். நடிக்க வந்த பெண்ணைத் திட்டுவதற்கு ரசனை என்று பெயரில்லை.

கேள்வி: தமிழில் ஏன் இப்படியொரு நாயகர் வரிசை நிலைக்கவில்லை? (வாசகி, ஆயர் ஈத்தாம்)

பதில்: முயற்சி இல்லாமலில்லை. வேற்றுக்கிரகவாசி வரும் 'கலை அரசி' 1963லேயே எம்.ஜி.ஆர். நடிப்பில் வந்துவிட்டது. 2012இல் 'முகமூடி' என்ற சாகச நாயகன் படம் வந்தது, தொடரவில்லை. ஹாலிவுட்டில் முகமூடிக்குப் பின்னால் யார் இருந்தாலும் ஸ்பைடர்மேன் ஸ்பைடர்மேன்தான். 2002 முதல் மூன்று நடிகர்கள் அந்த உடையை அணிந்துவிட்டார்கள். நமக்கோ முகம்தான் முதல். 'எந்திரன்' (2010) படத்தில் இயந்திரத்துக்கும் அதைச் செய்த விஞ்ஞானிக்கும் ரஜினியின் முகம்தான். அந்த முகத்தை மறைத்துவிட்டு இங்கே யாரிடம் டிக்கெட் விற்பது?