15ஆம் தேதி அதிகாலை 1.30க்கு விமானம் இறங்கினால் எந்தத் தேதிக்கு ஹோட்டல் ரூம் போடுவது? இப்படி அதிகாலையில் போய் இறங்கிய என் நண்பருக்கு ரூம் கைவிட்டுப் போனது; தேதியைத் தவறாகப் போட்டதாலா?

14ஆம் தேதிக்கே போடுங்கள். உங்கள் விமானம் 15ஆம் தேதி அதிகாலை 1.30க்கு இறங்கினாலும் ஹோட்டல் கணக்கில் அது 14ஆம் தேதி இரவுதான். 15 என்று போட்டால் பெரும்பாலும் பிற்பகல் 2, 3 மணிக்குத்தான் ரூம் கிடைக்கும். அதுவரை பெட்டியோடு லாபியில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

உங்கள் நண்பருக்கு ரூம் கைவிட்டுப் போனது தேதியால் இருக்காது. ராத்திரி ஆள் வராவிட்டால் 'வரவில்லை' என்று குறித்து, மொத்த புக்கிங்கையும் ரத்து செய்யும் ஹோட்டல்கள் உண்டு. முதல் இரவுக் காசும் திரும்பாது. அதனால் புக் செய்த கையோடு விமான எண்ணைக் குறிப்பிட்டு, '15ஆம் தேதி அதிகாலை 3 மணி வாக்கில் வருவேன், ரூமை வைத்திருங்கள்' என்று செய்தி அனுப்புங்கள். குடிவரவு வரிசை, பெட்டி, டாக்ஸி எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் 3 மணி. எழுத்தில் பதில் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷன் 24 மணி நேரமும் உண்டா என்று பாருங்கள். சின்ன ஹோட்டல்கள் சில இரவில் பூட்டிவிட்டு, வாசல் கதவுக்கான எண்ணை மொபைலுக்கு அனுப்பும். அங்கே போய்த்தான் சிம் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்த எண் வந்து சேராது. கிளம்பும் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.

விமானம் தாமதமானால் ஏறுவதற்கு முன் இன்னொரு செய்தி. பழைய பதிலை நம்பி விட்டுவிடாதீர்கள்.