சோயாவில் நுனி வாடலும் மஞ்சளும்: மருந்துக்கு முன் தண்டைப் பிளந்து பாருங்கள்

கேள்வி: பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் 2 ஏக்கர் செம்மண் நிலத்தில், கேழ்வரகுக்குப் பதிலாக இந்த ஆண்டு முதன்முறையாகச் சோயா மொச்சை விதைத்துள்ளேன். இப்போது 40 நாள் பயிர். ஆங்காங்கே செடிகளின் நுனி வாடித் தொங்குகிறது. மேட்டுப் பகுதியில் பயிர் முழுவதும் வெளிறி நிற்கிறது. ஓர் ஓரத்தில் இலைகளில் மஞ்சள் திட்டுகள் உள்ளன. கடையில் கொடுத்த பூஞ்சாணக்கொல்லியை இரண்டு முறை தெளித்தும் பலன் இல்லை. இதைவிட வலுவான மருந்து எது?

பதில்: வணக்கம். தாங்கள் எழுதியிருப்பவை மூன்று வெவ்வேறு குறைகளாகத் தெரிகின்றன. அவற்றில் எதுவும் பூஞ்சாணத்தால் வந்ததாகத் தோன்றவில்லை. ஆகவே வலுவான மருந்தைத் தேடுவதற்கு முன், ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தாறு செடிகளை வேரோடு பிடுங்கிப் பாருங்கள்.

வாடிய செடியின் தண்டிலோ இலைக்காம்பிலோ, கத்தியால் கீறியது போல இரண்டு வளையங்கள் சற்று இடைவெளியில் தெரிந்தால், அது வளைய வண்டின் வேலை. தாய் வண்டு இரு வளையங்களையும் கடித்து அவற்றுக்கு நடுவே முட்டையிடுவதால் மேற்பகுதிக்கு நீர் ஏறாமல் வாடுகிறது. பொரித்து வரும் புழு தண்டுக்குள் கீழ்நோக்கிக் குடைந்து செல்கிறது. புழு இறங்கும் முன்பே கீழ் வளையத்துக்கும் கீழாகக் கிள்ளி எடுத்து அழித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 2 ஏக்கருக்கு இது இரண்டு ஆள் வேலைதான். வளையமே இல்லாமல், பிளந்த தண்டின் நடுவே செம்பழுப்பு நிறச் சுரங்கம் ஓடியிருந்தால் அது தண்டு ஈ. இவ்விரண்டில் எதுவாயினும், தாக்குதல் பரவிக்கொண்டிருந்தால் குளோரன்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. மருந்தை ஏக்கருக்கு 60 மி.லி. வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து தெளிக்கலாம். உள்ளே குடைந்துவிட்ட புழுவை வெளியிலிருந்து தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது என்பதால், தாமதித்துத் தெளிப்பது வீண் செலவாகும்.

மேட்டுப் பகுதியின் வெளிறலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வேர்முடிச்சுகளை நகத்தால் கீறிப் பாருங்கள்; உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அவை தழைச்சத்தை நிலைப்படுத்துகின்றன, முடிச்சே இல்லாவிட்டாலோ உள்ளே வெளுத்திருந்தாலோ பயிர் தழைச்சத்துக்கு ஏங்குகிறது. சோயாவுக்கென்று தனி ரைசோபியம் (வேர்முடிச்சுகளை உண்டாக்கும் நுண்ணுயிர்) உண்டு. சோயாவையே கண்டிராத மண்ணில் அது போதுமான அளவு இருக்காது, துவரை, காராமணிக்கான ரைசோபியப் பொட்டலமும் இதற்கு ஒத்துவராது. இப்போதைக்கு 10 லிட்டர் நீருக்கு 200 கிராம் யூரியா கரைத்து மாலை வேளையில் இலைவழியாகத் தெளியுங்கள்.

ஓரத்தில் உள்ள மஞ்சள் திட்டுகள், இளம் இலைகளில் பச்சையும் மஞ்சளும் கலந்த தேமலாக இருந்தால், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய் என்று கொள்ளலாம். வைரஸைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. நோயுற்ற செடிகளைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு, ஏக்கருக்கு ஐந்தாறு மஞ்சள் ஒட்டுப்பொறிகளை வைத்து வெள்ளை ஈயின் நடமாட்டத்தைக் கவனியுங்கள். இலையின் அடியில் பழுப்புத் தூள் போன்ற கொப்புளங்கள் கிளம்பினால் மட்டுமே அது துரு நோய். பெலகாவி, தார்வாடு பக்கம் பெருஞ்சேதம் செய்யும் அந்த நோய்க்கு ஹெக்சகோனசோல் 5 ஈ.சி. லிட்டருக்கு 1 மி.லி. போதும். அது தென்படாத வரை பூஞ்சாணக்கொல்லியை மறந்துவிடுங்கள்.

அடுத்த பருவத்தில் கிலோ விதைக்கு 10 மி.லி. தயமெத்தாக்சம் 30 எஃப்.எஸ். கலந்து உலர்த்தினால் தண்டு ஈ, வெள்ளை ஈ இரண்டும் தொடக்கத்திலேயே மட்டுப்படும். சோயா ரைசோபியத்தைக் கிலோவுக்கு 5 கிராம் வீதம் கடைசியாக, விதைப்புக்குச் சற்று முன்னர் கலந்து நிழலில் ஆற வைக்க வேண்டும். வரிசை மாறினால் மருந்தே நுண்ணுயிரைக் கொன்றுவிடும்.

சந்தேகம் தீராவிட்டால், ரைத சம்பர்க்க கேந்திரத்துக்கோ (வேளாண் துறையின் உழவர் தொடர்பு மையம்) ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ செல்லும்போது இலையை மட்டும் பறித்துச் செல்லாமல், வேரும் மண்ணுமாக முழுச் செடியை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.