பந்து மலைப்பாம்பு இரையைத் தொட மறுத்தால் என்ன செய்வது?

கேள்வி: மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் ஈப்போவில் வாங்கிய ஒன்றரை வயது ஆண் பந்து மலைப்பாம்பு வீட்டுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. முதல் மாதத்தில் இரண்டு முறை எலி தின்ற அது, கடந்த ஏழு வாரங்களாக எதையும் தொடவில்லை. வாங்கியபோது 740 கிராம் இருந்த எடை இப்போது 715 கிராம். கண்ணாடித் தொட்டி முன்கூடத்தில் தொலைக்காட்சியின் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை உறைந்த எலியை இளக்கி வைத்துப் பார்க்கிறார்கள். தோட்டத்து எலியைப் பிடித்துப் போடலாமா, மாமியார் சொல்வதுபோல் பாலும் முட்டையும் வைக்கலாமா, வாயைத் திறந்து ஊட்டலாமா என்று கேட்கிறார்.

பதில்: நீங்கள் எடையைக் குறித்து வைத்திருப்பது மிகவும் நல்ல காரியம்; எனக்கு முதலில் தேவைப்படுவதும் அதுதான். 740 கிராமில் 25 கிராம் குறைந்திருப்பது நூற்றுக்கு நான்கு பங்கைக்கூட எட்டவில்லை. பந்து மலைப்பாம்புகள் இரை எடுக்காமல் வாரக்கணக்கில், வளர்ந்தவையானால் மாதக்கணக்கில்கூட, உடல்நலம் குன்றாமல் இருக்கக்கூடியவை. இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் பாம்புகள் பட்டினி கிடப்பது வழக்கமான ஒன்று. ஆகவே உங்கள் பாம்பு சாகக் கிடக்கிறது என்று அஞ்ச வேண்டாம். வாரம் ஒருமுறை, ஒரே நாளில், சமையலறை டிஜிட்டல் தராசில் எடை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்து 666 கிராமுக்குக் கீழே போனால் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். அதுவரை மாற்ற வேண்டியது இரையை அன்று, பாம்பு இருக்கும் இடத்தை.

இந்தப் பாம்பின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவும் நடு ஆப்பிரிக்காவும். அங்கே பகல் முழுவதும் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் உடல் நான்கு பக்கமும் சுவரில் பட முடங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வரும் உயிரினம் அது. நம் செம்பனை வரிசைகளுக்கிடையே தென்படும் பெரிய மலைப்பாம்பைப் போல் திறந்த வெளியில் துணிந்து திரிவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை நான்கு பக்கமும் கண்ணாடியாக உள்ள தொட்டியில், தொலைக்காட்சியின் வெளிச்சத்துக்கும் அதிர்வுக்கும் பக்கத்தில் வைத்தால், எந்நேரமும் யாரோ தன்னைப் பிடிக்க வருகிறார்கள் என்ற அச்சத்திலேயே அது இருக்கும். அஞ்சிக் கிடக்கும் பாம்பு வேட்டையாடாது. ஆள் நடமாட்டம் குறைந்த அறைக்குத் தொட்டியை மாற்றுங்கள். மூன்று பக்கக் கண்ணாடியைக் கறுப்புத் தாளால் மூடுங்கள். சூடான ஓரத்தில் ஒன்றும் குளிர்ந்த ஓரத்தில் ஒன்றுமாக, பாம்பு சுருண்டால் மட்டுமே கொள்ளும் அளவில் இரண்டு பதுங்கிடங்கள் வையுங்கள். கவிழ்த்த பூந்தொட்டியில் வாசல் வெட்டினாலே போதும். விசாலமான பதுங்கிடம் நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தப் பாம்புக்கு நெருக்கமே பாதுகாப்பு.

வெப்பத்தைப் பொறுத்தவரை, சூடான ஓரம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும் குளிர்ந்த ஓரம் 25 முதல் 27 வரையும் இருக்க வேண்டும். ‘மலேசியாவில்தான் எப்போதும் சூடாயிற்றே’ என்று விட்டுவிடக் கூடாது. தகரக் கூரை வீட்டில் பிற்பகலில் அறையே 35 டிகிரியை எட்டலாம். மழைக்கால விடியற்காலையில் 23க்கு இறங்கலாம். இரண்டு நிலையிலும் பாம்பு இரையை மறுக்கும். குளிர்ந்த உடலில் செரிமானம் நடக்காது என்பதால் அப்போது அது மறுப்பதே அதற்கு நல்லது. இரண்டு ஓரத்திலும் வெப்பமானி வைத்துக் காலை, பிற்பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் பாருங்கள். ஹீட்டிங் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைப்பதானால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் வைக்காதீர்கள். வயிற்றுப் பக்கம் வெந்துபோன பாம்புகளைக் காண்பது மிகுந்த வேதனை தருகிறது. ஈரப்பதம் 60 விழுக்காடு அளவில் இருந்தால் நன்று. நம் ஊரில் அது குறைவதைவிடக் கூடிப்போவதே தொல்லை. காற்றோட்டமில்லாத ஈரத் தொட்டியில் செதில் அழுகலும் சளியும் வரும்.

அடுத்தது, இரண்டு நாளுக்கு ஒருமுறை எலியை நீட்டுவதை இன்றே நிறுத்துங்கள். மறுக்கும் பாம்புக்கு ஒவ்வொரு முயற்சியும் ஒரு தொந்தரவு. இடத்தை மாற்றியபின் பத்து நாட்களுக்குத் தண்ணீர் மாற்றுவது, கழிவை அகற்றுவது, வாரத்தில் ஒருமுறை எடை பார்ப்பது தவிர யாரும் தொட வேண்டாம். மகனுக்கு இது கடினமாக இருக்கும். ஆனாலும் அவரிடம் காரணத்தை விளக்கிச் சொல்லுங்கள். அதன் பிறகு இரவில், விளக்கை அணைத்துவிட்டு, வாரம் ஒருமுறை மட்டும் இரை கொடுங்கள். பாம்பின் கண்கள் நீலம் பாய்ந்து மங்கியிருந்தால் அது சட்டை உரிக்கத் தயாராகிறது. அந்த வாரம் விட்டுவிடுங்கள்.

எலியைக் கொடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். இந்தப் பாம்பின் மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகள் இருக்கின்றன; இருட்டில் அது இரையை அறிவது மணத்தாலும் அந்தச் சூட்டாலும்தான். அறை வெப்பத்துக்கு இளகிய எலி அதற்கு உயிருள்ள இரையாகத் தோன்றாது. உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக வைத்து, பின் பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, தொட்டால் நன்கு வெதுவெதுப்பாக, அதாவது 38 டிகிரி அளவுக்குச் சூடானதும் நீண்ட இடுக்கியால் தலைப்பக்கம் முன்னே இருக்கும்படி நீட்டுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கக் கூடாது. எலியின் பருமன் பாம்பின் உடலில் மிகத் தடித்த பகுதியை மிஞ்சக் கூடாது. வாங்காவிட்டால் பதுங்கிட வாசலில் வைத்துவிட்டு விலகுங்கள். நம் வெப்பத்தில் இறைச்சி விரைவில் கெட்டுவிடுமாதலால், படுக்கப் போகுமுன் எடுத்து எறிந்துவிடுங்கள். விற்ற கடையில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுண்டெலியோ உயிருள்ள எலியோ தின்று பழகிய பாம்பு புதிய இரையை ஏற்கக் காலம் எடுக்கும்.

தோட்டத்து எலியை மட்டும் எந்நிலையிலும் போடாதீர்கள். எலியைக் கொல்லச் செம்பனை மரத்தடியில் வைக்கப்படும் மெழுகுக் கட்டிகளில் வார்ஃபரின், ப்ரோடிஃபாகும் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சுகள் உண்டு. அதைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் ஓடித் திரியும். அந்த நாட்களில் பார்ப்பதற்கு நலமாகத் தோன்றும் எலியின் ஈரலில் நஞ்சு தங்கியிருக்கும், தின்றதன் உடலுக்கும் அது போய்ச் சேரும். எலி பிடிக்கவென்று தோட்டங்களில் கூடு வைத்து வளர்க்கும் கூகைகளையே இது பாதிக்கிறது. ஒட்டுண்ணிகள் ஒரு புறமிருக்க, எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பிரோசிஸ் என்ற நோய் எலி பிடிக்கும் உங்களுக்கே ஆபத்து. கடையில் வாங்கும் உயிருள்ள எலியையும் தனியே விட்டுவிட்டுப் போகக் கூடாது. பசித்த எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

மாமியார் சொல்வது புற்றுக்குப் பால் ஊற்றும் பக்தியிலிருந்து வருவது. அந்த மனத்தை மதிக்கிறேன். ஆனால் பாம்பின் உடல் பாலைச் செரிக்கும்படி அமைந்ததன்று. காட்டில் இது சிறு பாலூட்டிகளையும் பறவைகளையும் தின்று வாழ்கிறது. முட்டை அதன் இரையாகாது. சுத்தமான தண்ணீர் எப்போதும் இருந்தால் போதும்.

வாயைத் திறந்து ஊட்டுவதை வீட்டில் செய்யவே கூடாது. தொண்டை கிழியலாம், பல் உடைந்து வாய் புண்ணாகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, இரை என்றாலே பாம்பு அஞ்சும்படி ஆகிவிடும். தேவைப்பட்டால் மருத்துவர் செய்வார். எடை எப்படி இருந்தாலும், மூச்சில் சீழ்க்கை ஒலி, மூக்கில் நீர்க்குமிழி, வாயைத் திறந்தே வைத்திருத்தல், ஈறில் சீழ், தின்றதைக் கக்குதல், தலை தானே மேல்நோக்கித் திரும்புதல், செதிலிடுக்கில் கரும்புள்ளியாய் ஊரும் பூச்சி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்காதீர்கள். பல கிளினிக்குகள் நாய், பூனையை மட்டுமே பார்க்கின்றன. ஊர்வனவற்றைப் பார்ப்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டு ஈப்போவுக்குப் புறப்படுங்கள். மலைப்பாம்பு வளர்க்க 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் வேண்டும். கடைக்காரர் அதைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால் இப்போதே விசாரித்துச் சரிசெய்யுங்கள். உரிமம் இல்லாத அச்சத்தால் நோயுற்ற பாம்பை வீட்டிலேயே மறைத்து வைக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

மீண்டும் தின்னத் தொடங்கும்போது ‘இத்தனை நாள் பட்டினி’ என்று பெரிய எலியைக் கொடுத்துவிடாதீர்கள். முதல் இரண்டு வேளையும் வழக்கத்தைவிடச் சிறிய எலியாக, பத்து நாள் இடைவெளியில் கொடுங்கள். தின்ற பிறகு 48 மணி நேரம் பாம்பைக் கையில் எடுக்காதீர்கள்.