'நியூட்ரான்' முதலிடத்தில் இருப்பது செய்தியாகுமா?

கேள்வி: ஓர் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில் பணிபுரிகிறேன். அணுசக்தித் துறையில் புதிதாகத் தலையெடுக்கும் ஆய்வுகளைக் கண்டறிந்து சொல்லும்படி கேட்டிருக்கிறார்கள். 2000 முதல் வெளியான ஆயிரக்கணக்கான ஆங்கிலக் கட்டுரைச் சுருக்கங்களைத் திரட்டி, ஆண்டுவாரியாகச் சொற்களை எண்ணினேன். எந்த ஆண்டிலும் உலை, எரிபொருள், நியூட்ரான் ஆகியவையே முன்னால் நிற்கின்றன. எங்கே தவறு?

பதில்: நீங்கள் பட்டியலின் தலைப்பகுதியைப் பார்க்கிறீர்கள். வானிலை அறிக்கைகளில் 'மழை' எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. புதியது எதுவானாலும் முதலில் பட்டியலின் அடியில்தான் இருக்கும். ஆண்டுக்கு ஐந்து, பத்து கட்டுரைகளில் மட்டும் தட்டுப்படும்.

அங்கே இறங்குவதற்கு முன் உங்கள் நிரல் சொற்களை எப்படி வெட்டுகிறது என்று பாருங்கள். பொதுவான நிரல்கள் நிறுத்தக்குறிகளை நீக்கும், ஓரெழுத்துச் சொற்களைத் தள்ளும், எண்களையும் தள்ளும். 'யு-235' முதலில் 'யு', '235' என்று பிளந்து, பிறகு இரண்டும் குப்பைக்குப் போகும். அணுசக்தித் தரவில் யுரேனியமே காணாமல் போவதைவிட வேடிக்கை என்ன இருக்கிறது? ஐசோடோப்புகளின் பெயர்களை முன்கூட்டியே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சுருக்கெழுத்துகள் இன்னும் பெரிய தொல்லை. 'எஸ்எம்ஆர்' (SMR) என்றால் இன்று பெரும்பாலும் சிறிய கூறுநிலை உலை, அதாவது கூறுகளாகச் செய்து பொருத்தும் சிறு அணு உலை. பழைய ஆவணங்களில் சிறிய, நடுத்தர உலைகள். ஹைட்ரஜன் தயாரிப்புக் கட்டுரையில் மீத்தேனை நீராவியால் சிதைக்கும் முறை. மூன்றையும் சேர்த்து எண்ணினால் வரைபடம் அழகாக ஏறும், பொருள்தான் இருக்காது. அந்தந்தக் கட்டுரை முதல் முறை தரும் விரிவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி எண்ணிக்கை. தனிச்சொற்களை விட்டு இரண்டு, மூன்று சொல் தொடர்களை எடுங்கள். மொத்தக் கட்டுரைகளும் ஆண்டுக்காண்டு கூடுவதால், எத்தனை கட்டுரைகள் என்பதைவிட ஆயிரத்துக்கு எத்தனை என்பதே பேசும். இரண்டாண்டுக்கொருமுறை நடக்கும் மாநாடுகள் ரம்பப் பல் போன்ற ஏற்ற இறக்கத்தைத் தரும். மூன்றாண்டுச் சராசரி அதைத் தணிக்கும். கடைசி ஆண்டின் சரிவை நம்பாதீர்கள், பதிவுகள் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

ஏறுவதெல்லாம் போக்கு அல்ல. 2011 மார்ச்சில் நடந்த ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் அதில் வெளியேறிய கதிரியக்கப் பொருளான 'சீசியம்-137' பற்றிய கட்டுரைகள் குவிந்தன. அது நிகழ்ச்சியின் எதிரொலி. 'விபத்து தாங்கும் எரிபொருள்' என்ற தொடரோ அதே விபத்தால் பரவினாலும், எரிபொருளை மூடும் குரோமியம் பூசிய சிர்கோனியம் உறை, சிலிக்கான் கார்பைடு உறை என்று தன்னைச் சுற்றிப் புதுத் தொடர்களைச் சேர்த்துக்கொண்டே வளர்ந்தது. ஆகவே ஒரு தொடரை எத்தனை வெவ்வேறு ஆய்வுக் குழுக்கள் கையாள்கின்றன, அதன் அண்டைச் சொற்கள் பெருகுகின்றனவா என்றும் பாருங்கள். ஒரே குழு இருபது கட்டுரை எழுதியிருந்தால் அது அவர்களின் சுறுசுறுப்பு மட்டுமே.

அணுசக்தி ஆய்வு வெளியீடுகளைப் பதிவுசெய்யும், சர்வதேச அணுசக்தி முகமையின் ஐனிஸ் (INIS) தரவுத்தளம் 1970-இல் தொடங்கியது. அதன் கலைச்சொல் தொகுதியில் 30,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. பலர் அதிலுள்ள சொற்களை மட்டும் எண்ணுகிறார்கள். நான் அதைத் தலைகீழாகப் பயன்படுத்துவேன்: அத்தொகுதியில் இன்னும் இடம்பெறாமல் சுருக்கங்களில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் எவை? புதுமை பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பழைய பதிவுகள் இன்னொன்றுக்கும் உதவும். உங்கள் தரவு 2000-இல் தொடங்குவதால் உருகிய உப்பில் எரிபொருளைக் கரைத்தோ அதைக் குளிர்விப்பானாகக் கொண்டோ இயங்கும் 'உருகிய உப்பு உலை' புத்தம்புதிதாகத் தெரியலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அப்படியொரு சோதனை உலை 1965 முதல் 1969 வரை இயங்கியிருக்கிறது. அறிக்கையில் 'மறுவருகை' என்று தனி வகை வைத்துவிடுங்கள்.

எல்டிஏ (LDA) போன்ற தலைப்பு மாதிரிகளை, அதாவது சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு கட்டுரைகளைத் தலைப்புகளாகப் பிரிக்கும் புள்ளியியல் முறைகளை, இந்த வேலைக்கு முதலில் எடுக்க மாட்டேன். ஏற்கெனவே தெரிந்த பெரிய தலைப்புகளைத் திருப்பித் தரும். சிறியவை அவற்றுக்குள் அமுங்கிவிடும். கண்டெடுத்த தொடர்களைப் பிறகு தொகுக்க இந்த மாதிரிகள் உதவலாம்.

மேலிடத்துக்கு அனுப்புமுன் ஒரு சோதனை. தரவை 2013 இறுதியோடு வெட்டி, முழு முறையையும் ஓட்டுங்கள். பின்னாளில் வளர்ந்தது என்று நமக்குத் தெரிந்த 'விபத்து தாங்கும் எரிபொருள்', ஏறும் தொடர்களின் பட்டியலில் முதல் ஐம்பதுக்குள் வருகிறதா? வராவிட்டால், குறைந்தபட்சக் கட்டுரை எண்ணிக்கை என்று நீங்கள் வைத்த வரம்பைத் தளர்த்தி மறுபடி ஓட்டுங்கள்.