வெள்ளம் நிற்காத காணி

ஐயா, யாழ்ப்பாணம் வலிகாமத்தில் காணி வாங்கியிருக்கிறேன். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட்டால் போதும் என்கிறார் மேசன். போதுமா? கொதிக்க வைத்துக் குடித்தால் பயமில்லைதானே? மற்றபடி, எவ்வளவு மழை பெய்தாலும் வெள்ளம் நிற்காத நல்ல காணி.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுதுகிறேன். எங்கள் அப்புவும் இதே பெருமையைச் சொல்லித் திரிந்தவர். வளவு மூலையில் ஒரு குழி. மாரி வெள்ளம் அதற்குள் சுழித்து இறங்கிவிடும். எதைப் போட்டாலும் போய்விடும் என்பது எங்களுக்கு வசதி. செத்த கோழி, வெங்காயத்துக்கு அடித்து மிஞ்சிய மருந்து, எல்லாம் அங்கேதான். மழைக்கு மறுநாள் பக்கத்து வீட்டு மாமியின் கிணறு கலங்கும். "வாளியைக் கழுவாமல் அள்ளினால் இப்படித்தான்" என்பார் ஆச்சி. நானும் சிரித்திருக்கிறேன்.

50 அடி என்பது மண்ணுக்குச் சரிவரும் கணக்கு, தம்பி. மண் வடிகட்டும், மெல்லத்தான் விடும். உங்கள் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்து வெடிப்புகளை வழிகளாக்கி வைத்திருக்கிறது. 1877இல் ஜெர்மனியில், டான்யூப் ஆறு நிலத்துக்குள் மறைகிற இடத்தில் 10 கிலோ சாயம் கொட்டினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆக் ஊற்றில் ஏறத்தாழ 60 மணி நேரத்தில் பச்சைத் தண்ணீர் வந்தது. அந்த வேகத்தில் உங்கள் 50 அடிக்கு ஐந்து நிமிடம்கூட வேண்டாம். எல்லா இடத்திலும் அப்படி ஓடாது, சரி. உங்கள் வளவில் எங்கே ஓடுகிறதென்று மேசனுக்குத் தெரியுமா?

இப்படிச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் குடிநீரைச் சுற்றி எந்த இடத்தைக் காக்க வேண்டும் என்று கணிக்க, சுவிட்சர்லாந்துக்காரர்கள் எபிக் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மேற்கல்லின் வெடிப்பு, அதை மூடிய மண்ணின் கனம், தண்ணீர் உள்ளே இறங்கும் விதம், உள்ளே வழிகள் எவ்வளவு விரிந்திருக்கின்றன, இவைதான் அதில் கணக்கு. படித்த பிள்ளை நீங்கள், நாடா பிடித்து அளக்கிற மேசனிடம் இதைக் கேட்டீர்களா?

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரமும் மலக்குழியும் தரும் நைத்திரேற்று என்ற கரைந்த உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். சுன்னாகக் கிணறுகளில் எண்ணெய் வந்தபோது ஊரே கொதித்தது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, யாரும் கேட்பதில்லை.

ஐப்பசி மழை வரட்டும். குடையோடு நின்று தண்ணீர் எங்கே இறங்குகிறதென்று பாருங்கள், அப்புறம் அத்திவாரம் வெட்டலாம். குழி வேண்டாம், அடியும் சுவரும் பூசிய தொட்டி கட்டுங்கள், நிரம்பினால் கழிவு உறிஞ்சும் பவுசரைக் கூப்பிடுங்கள். செலவுதான்.

போன வருடம் எங்கள் பழைய வளவுக்குப் போனேன். அந்தக் குழிக்கு மேலேதான் புது வீட்டுக்காரர் மலசலகூடம் கட்டியிருக்கிறார். மாமியின் கிணற்றிலிருந்து 50 அடி விட்டிருக்கிறாராம்.