அவரையில் அசுவினி: இலையில் ஓடும் முள்ளுப் புழுவுக்கும் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். அரை ஏக்கர் பந்தல் அவரை பூவெடுத்து நிற்கிறது. கொழுந்திலும் பூங்கொத்திலும் சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி அப்பிக் கிடக்கிறது. கடையில் கொடுத்த இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்தை அடித்தேன். பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது. இப்போது கறுப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளி போட்ட முள்ளுப் புழுவும் இலையில் ஓடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து எதை அடிப்பது?
— ஒட்டன்சத்திரம் பகுதி விவசாயி

பதில்: தம்பி, அந்தப் புழுவைத் தொடாதீர்கள். அது பொறிவண்டின் புழு. ஒரு கொழுந்தருகே சற்று நேரம் உட்கார்ந்து பாருங்கள். சின்னப் புழு அசுவினியைக் கவ்விச் சாற்றை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைப் போட்டுவிடும்; வளர்ந்த புழு முழுசாகவே தின்னும். வண்டாகிறவரை ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் காலி செய்யும்.

அடித்தும் ஏன் பெருகியது என்பதுதான் நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அசுவினி ஆண் இல்லாமலேயே குட்டி போடும். அந்தக் குட்டி ஒரு வாரம், பத்து நாளில் தானும் குட்டி போடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வண்டாக இரண்டு மூன்று வாரம் ஆகும். மருந்து இரண்டையும் கொன்றது, அசுவினி முந்திக்கொண்டது. இதைச் சொல்லாமல் அடுத்த பாட்டிலையும் கூடவே ஒரு டானிக்கையும் தலையில் கட்டுகிற கடைக்காரரிடம் பயிர் யோசனை கேட்காதீர்கள். வாரம் இருமுறை காய் பறிக்கும் பயிர் இது. அதைச் சாப்பிடுகிறவர்களையும் நினைக்க வேண்டும்.

மோசமான கொழுந்துகளைக் கிள்ளி அழியுங்கள். மற்றதில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், புழு இருக்கும் கொத்தை விட்டுவிட்டு. தண்டில் எறும்புச் சாரை இருந்தால் முதலில் அதைத் தடுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீரான தேன்கழிவுக்காக எறும்பு பொறிவண்டை விரட்டும். யூரியாவை நிறுத்துங்கள்.

நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது வரப்புச் சோளம். பருத்திக்குத் தட்டைப்பயறு போடச் சொல்வேன். அவரைக்கு அது ஆகாது, இதே கறுப்பு அசுவினிதான் அதிலும் ஏறும். சோளத்தில் வரும் அசுவினி வேறு, அவரைக்கு வராது. ஆனால் பொறிவண்டு இரண்டையும் தின்னும், சோள மகரந்தத்தையும் தின்னும். அடுத்த முறை அவரை விதைப்பதற்கு மூன்று நான்கு வாரம் முன்பே வரப்பைச் சுற்றி இரண்டு வரிசை சோளம் போடுங்கள். அதில் அசுவினி அப்பினாலும் மருந்து தெளிக்காதீர்கள். அங்கேதான் உங்கள் வண்டுகள் பெருகுகின்றன. அவரையில் முதல் அசுவினி தெரியும்போது அவை பக்கத்திலேயே இருக்கும்.

பக்கத்தில் கத்தரி இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் இலையைச் சுரண்டித் தின்னும் வண்டும் பொறிவண்டு போலவே தெரியும்; ஆனால் மங்கலாக, மேலே மெல்லிய ரோமத்தோடு, நிறையப் புள்ளிகளோடு இருக்கும். புழு மஞ்சள் நிறம். அதைக் கையால் பொறுக்கி அழியுங்கள். பளபளவென்று இருக்கும் நல்ல பொறிவண்டை விட்டுவிடுங்கள்.